கடாரத்தில் நாம் இழந்த கோயில்



இன்றைய பேச்சை என் சிறு வயது நினைவு ஒன்றோடு தொடங்குகிறேன். நான் பிறந்து வளர்ந்தது கெடா மாநிலத்தின் தென்பகுதியில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பள்ளி விடுமுறை வந்துவிட்டால், அம்மாவுக்கு உதவியாக நானும் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போய்விடுவேன். அம்மா மரம் சீவிக்கொண்டே முன்னால் போவார். நான் மங்கு துடைத்துக்கொண்டே பின்னால் போவேன். எங்கள் நிரையின் கடைசியில், ஓடைக்கரையை ஒட்டி ஒரு சிறு மேடு இருந்தது. அந்த மேட்டில் சதுரமான கல் ஒன்று கிடந்தது. கல்லின் நடுவில் ஒரு குழி. சுற்றிலும் பாசி படர்ந்த பழைய செங்கற்கள். அம்மா காண்டா வாளியை இறக்கிவைத்துவிட்டு, அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துதான் பசியாறுவார். குழியில் மழைத் தண்ணீர் நின்றால் அதிலேயே கையை அலம்பிக்கொள்வார். அது என்ன கல் என்று மண்டோரிடம் ஒரு நாள் கேட்டேன். "வெள்ளைக்காரன் காலத்து அடுப்புக் கல்லாக இருக்கும், போடா" என்று சொல்லிவிட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, மெர்போக் நகருக்கு அருகிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அங்கே அதே போன்ற கல் ஒன்று இருந்தது. அதே சதுரம், அதே குழி. அது பண்டைக் காலத்துக் கோயில் ஒன்றின் மரத்தூணைத் தாங்கிய அடிக்கல் என்று விளக்கிச் சொன்னார்கள். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. உடனே புறப்பட்டு நான் பிறந்த தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் இல்லை. அதை விற்று, மரத்தை வெட்டி, நிலத்தைச் சமன் செய்து, வரிசை வரிசையாக வீடு கட்டியிருந்தார்கள். ஓடை சிமெண்டுக் கால்வாயாக மாறியிருந்தது. மேடும் இல்லை, கல்லும் இல்லை. நாங்கள் உட்கார்ந்த கல் உண்மையில் தூணின் அடிக்கல்தானா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. கேட்டறிய வேண்டிய காலத்தில் நான் மேலும் ஒருவரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்தக் குறை என் மனத்தில் இன்றும் உண்டு.

அதனால்தான் இன்று, அழியும் நிலையிலுள்ள பழைய கட்டடங்களையும் வரலாற்று இடங்களையும் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். இந்நாட்டில் இத்தகைய இடங்கள் பல உண்டு. அவற்றுள் நம் தோட்டங்களின் மண்ணுக்கு மிகவும் நெருக்கமானது கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு. ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அது இருக்கும் இடத்தைப் பார்ப்போம். வடக்கே 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. தெற்கே மூடா ஆறு. நடுவே மெர்போக் ஆறும் அதன் கிளைகளும். இந்த நிலப்பகுதியைத்தான் பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம். 'புஜங்கம்' என்னும் வடசொல்லுக்குப் பாம்பு என்று பொருள். வளைந்து வளைந்து ஓடும் ஆற்றைக் கண்டு அந்தப் பெயர் வந்தது என்று சொல்வாருண்டு.

அந்தக் காலத்தில் மாலுமிகளுக்குக் கலங்கரை விளக்கம் கிடையாது. கடலில் வெகு தொலைவிலிருந்தே தெரியும் ஜெராய் மலைதான் அவர்களுக்கு அடையாளம். மலையைக் கண்டால் ஆற்று முகத்துவாரத்தைக் கண்டுகொள்ளலாம். ஆற்றுக்குள் நுழைந்தால் புயலுக்கு அஞ்சாமல் கப்பலை நிறுத்தலாம். குடிநீரும் விறகும் கிடைக்கும். பாய்மரக் கப்பல் காற்றை நம்பி ஓடுவது. ஒரு பருவத்துக் காற்று கொண்டுவந்து சேர்க்கும். திரும்பிப் போக வேண்டுமானால் அடுத்த பருவத்துக் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். பல மாதம் தங்க நேரிட்ட வணிகர்கள் அங்கே சரக்கு வைக்கவும் வழிபடவும் இடம் தேடியது இயற்கை. இவ்வாறு வளர்ந்த துறைமுகத்தைத்தான் நம் முன்னோர் கடாரம் என்று அழைத்தனர்.

சங்க இலக்கியமான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் காழகத்திலிருந்து வந்த பொருள்களும் உண்டு. காழகம் என்பது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்கம் எழுதியிருக்கிறார். சீனத்துப் பௌத்தத் துறவியான இத்சிங், 671-ஆம் ஆண்டு சீனாவிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டபோது கெடாவில் தங்கித்தான் கப்பல் ஏறினார்.

ஏட்டில் மட்டுமல்லாமல் கல்லிலும் சான்று உண்டு. 1834-இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேயத் தளபதி, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். அது ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. புத்தகுப்தன் என்னும் பெருங்கலத் தலைவன், தன் கடற்பயணம் நல்லபடி முடிய வேண்டுமென்று வேண்டிச் செதுக்கச் செய்த கல் அது. அந்தக் கல் இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல் கடந்து போகிறவனின் மனத்திலுள்ள அச்சமும் வேண்டுதலும் எக்காலத்திலும் ஒன்றுதான் என்பதை அந்தக் கல் நமக்குச் சொல்கிறது.

நேயர்களே, உங்கள் தாத்தா பாட்டியரில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். 1926-இல் கட்டப்பட்டுப் பல்லாண்டுக் காலம் ஓடிய ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் பெரியவர்களின் முகம் மாறும். அந்த நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கடாரத்துக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கம் இருந்தது. முதலாம் இராசராச சோழன் காலத்தில், ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனாகிய மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரத்தைக் கட்டி முடித்தான். தன் தந்தையின் பெயரால் அதற்குச் சூடாமணி விகாரம் என்று பெயரிட்டான். சைவனாகிய சோழ மன்னன், அந்தப் பௌத்த விகாரத்தின் செலவுக்காக ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடுத்தான். அந்தச் செய்தி செப்பேடுகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பின்னர் 1025-ஆம் ஆண்டளவில் இராசராசனின் மகன் இராசேந்திரன் கடற்படை கொண்டு கடாரத்தைத் தாக்கினான். 'கடாரங்கொண்டான்' என்ற பெயரும் பெற்றான். நட்பும் இருந்தது, போரும் நடந்தது. ஆனால் கடல்வழி மட்டும் அறுபடவில்லை.

இனிப் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது என்பதைக் காண்போம். அங்குள்ள பழைய வழிபாட்டுக் கட்டடங்களை மலாய் மொழியில் 'சண்டி' என்பர். சிலவற்றில் இந்து சமயச் சின்னங்கள் கிடைத்தன. சிலவற்றில் பௌத்தச் சின்னங்கள் கிடைத்தன. விநாயகர், மகிடாசுரமர்த்தினி ஆகிய உருவங்களின் சிதைந்த சிற்பங்களும் இப்பள்ளத்தாக்கில் கிடைத்துள்ளன.

தஞ்சைப் பெரிய கோயிலைப் போன்ற உயர்ந்த கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். இங்கே எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அடித்தளங்கள். இடுப்பளவு சுவர், படிக்கட்டு, தூண்களுக்கான அடிக்கற்கள், இவ்வளவுதான். காரணம் எளிது. அடித்தளத்தைச் செங்கல்லாலும் செம்புரைக் கல்லாலும் கருங்கல்லாலும் கட்டினார்கள். மேலே மரத்தூண் நட்டு, அழியக்கூடிய பொருள்களால் கூரை வேய்ந்தார்கள். நம் நாட்டு மழையிலும் வெயிலிலும் மரமும் கூரையும் மக்கிப் போயின. செங்கல்லும் கல்லும் மட்டும் நின்றன. ஆகவே, காட்டில் ஒரு செங்கல் மேட்டைக் கண்டால், 'வெறும் இடிந்த சுவர்' என்று தள்ளிவிடக் கூடாது. அந்த மேடுதான் கோயிலில் எஞ்சிய பகுதி.

1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞரும் அவர் மனைவி டோரதியும் இங்கே அகழ்வாய்வு செய்தனர். காடும் தோட்டமும் ஆற்றங்கரையுமாக அலைந்து 30 இடங்களை இனங்கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, 1940-இல் நூலாக வெளியிட்டனர். இன்றும் அந்த எண்களாலேயே பல இடங்கள் அழைக்கப்படுகின்றன.

எட்டாம் எண் பெற்றது புக்கிட் பத்து பஹாட் சண்டி. 'பத்து பஹாட்' என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். கருவறை, அதற்கு முன்னே மண்டபம் என்ற அமைப்பு அதில் தெளிவாகத் தெரிகிறது. 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம் என்னும் அறிஞரின் மேற்பார்வையில் அதை ஆராய்ந்து, கற்களை அடுக்கி, பழைய இடத்திலேயே மீண்டும் எழுப்பினார்கள். கட்டடத்தின் அடியில் கல்லால் செய்த பேழைகள் கிடைத்தன. கோயில் எழுப்பும்போது நிலத்தில் வைத்த காணிக்கைப் பொருள்கள் அவற்றில் இருந்தன. பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களிலிருந்த சண்டிகளைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியக வளாகத்தில் அமைத்தனர். அந்த அருங்காட்சியகம் 1980-இல் திறக்கப்பட்டது.

இவற்றைக் கட்டியவர்கள் யார்? 'எல்லாம் சோழர் கட்டியது' என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது சரியன்று. சோழர் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே சமயக் கட்டடங்களும் கல்வெட்டுகளும் இருந்தன. இம்மண்ணில் வாழ்ந்த மக்களும் அவர்களின் தலைவர்களும், கடல் கடந்து வந்த வணிகரோடும் சமயத்தாரோடும் கலந்து உருவாக்கிய நாகரிகம் இது. அடித்தளத்தின் அமைப்பில் இந்தியாவின் சாயல் தெரியும். மரத்தூணிலும் கூரையிலும் இந்நாட்டாரின் கைவண்ணம் இருந்திருக்கும். பெங்காலான் பூஜாங் என்னும் இடத்தில் சீனத்துப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஆகவே இது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இந்தியருக்கும் பொதுவான செல்வம். பொதுச் செல்வம் என்று சொல்லும்போதுதான் அதைக் காப்பாற்ற எல்லாரும் முன்வருவார்கள்.

இப்போது இந்தப் பேச்சின் மையத்துக்கு வருகிறேன்.

வேல்ஸ் கொடுத்த எண்களில் பதினொன்றாம் எண் பெற்ற சண்டி, சுங்கை பத்து பகுதியில் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று கணிக்கப்பட்ட கோயில் அது. வரலாற்றாசிரியர்களுக்கு அதன் இருப்பிடம் தெரியும். நூல்களில் அதன் பெயர் இருந்தது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில், அந்தச் சண்டி இருந்த இடத்தில் மண்வாரி இயந்திரம் புகுந்துவிட்டது என்ற செய்தி நாளிதழ்களில் வெளியாயிற்று. வீடமைப்பு வேலைக்காக நிலத்தைச் சமன் செய்தபோது சண்டி உடைத்து நொறுக்கப்பட்டிருந்தது. செய்தி கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தவை சிதறிய செங்கற்கள் மட்டுமே. நாடு முழுவதும் மக்கள் கொதித்தார்கள். தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய கட்டடம் திரும்பி வரவில்லை.

இது எப்படி நடந்தது? பகையால் நடந்ததா? இல்லை. அந்த நிலம் தனியாருக்குச் சொந்தமானது. அங்கே வரலாற்றுச் சின்னம் இருப்பது தங்களுக்குத் தெரியாது என்று மேம்பாட்டாளர் தரப்பு சொல்லியது. அந்தச் சண்டி அரசாங்கப் பதிவேட்டில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை என்று அதிகாரிகள் தரப்பு சொல்லியது. வரலாற்று நூலில் இருந்த பெயர் அரசாங்கப் பதிவேட்டில் இல்லை. இயந்திரம் ஓட்டுகிறவர் வரலாற்று நூல் படித்துவிட்டா வேலைக்கு வருகிறார்? அவர் கண்ணுக்கு அது ஒரு செங்கல் மேடு. மேட்டைச் சமன் செய்வது அவர் வேலை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1976-இல் தொல்பொருள் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாகத் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006-இல் நடைமுறைக்கு வந்தது. ஓர் இடத்தை மரபுடைமை இடமாக அறிவித்துவிட்டால், அனுமதியின்றி அதை இடிப்பது குற்றம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மரபுடைமைச் சட்டம் கூட்டரசின் சட்டம். நிலமோ மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிலத்தின் உரிமைப் பத்திரம் தனியார் கையில். இந்த மூவரும் ஒன்றுபட்டால்தான் ஓர் இடம் பாதுகாப்புப் பெறும். ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், இடைவெளியில் இயந்திரம் நுழைந்துவிடுகிறது. பதினொன்றாம் எண் சண்டி அந்த இடைவெளியில்தான் அழிந்தது.

இத்தகைய இழப்பு நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. சற்று முன்பு நாகப்பட்டினத்து விகாரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதன் கதையையும் கேளுங்கள். அந்தப் பௌத்த நிறுவனத்தின் எச்சம் என்று கருதப்பட்ட செங்கல் கோபுரம் ஒன்று, மூன்று நிலைகளோடு நாகப்பட்டினத்தில் வெகுகாலம் நின்றது. கடலில் போவோருக்கு அது அடையாளமாக விளங்கியது. 1846-இல் வால்டர் எலியட் என்னும் ஆங்கிலேய அதிகாரி அதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். பிறகு அதை இடித்துவிட அனுமதி கேட்டார்கள். 1867-இல் அரசாங்க அனுமதியுடனேயே அது இடிக்கப்பட்டது. இன்று அதை நாம் படத்திலும் குறிப்பிலுமே காண முடியும்.

கடலின் அக்கரையில் 1867-இல் ஒரு கோபுரம் போயிற்று. இக்கரையில் 2013-இல் ஒரு சண்டி போயிற்று. கடாரத்தையும் நாகையையும் இணைத்த பழைய கடல்வழிக்கு இரு முனையிலும் சாட்சியாக நின்றவை அவை. அந்தக் கடல்வழியில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கண் முன்னாலேயே இரண்டாவது சாட்சி அழிந்தது.

காப்பாற்றவே முடியாது என்று மனம் தளர வேண்டாம். மலாக்காவுக்குப் போனவர்கள் அங்கே குன்றின் அடியில் நிற்கும் பழைய கோட்டை வாசலைப் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தபின் கட்டிய பெருங்கோட்டையின் வாசல் அது. 1807-இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர். 1808-இல் மலாக்காவுக்கு வந்த ராபிள்ஸ், அந்நகரைக் கைவிடக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதினார். அவர் தலையிட்டதால் ஒரு வாசல் மட்டும் தப்பியது. கோட்டையில் பெரும்பகுதி போய்விட்டது; ஆனால் அந்த ஒரு வாசலைப் பார்க்க இன்றும் உலகெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். 2008-இல் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவிக்கப்பட்டன. வேளையில் ஒருவர் வாய் திறந்தால் ஒரு வாசலாவது மிஞ்சும் என்பதற்கு இது சான்று.

பூஜாங் பள்ளத்தாக்கிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் சுங்கை பத்துவில் அகழ்வாய்வு நடத்தினர். எங்கே தெரியுமா? செம்பனைத் தோட்டத்தில்! மரங்களுக்கு இடையே இருந்த மேடுகளைத் தோண்டியபோது, இரும்புத் தாதுவை உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்களும், கப்பல் கட்டிய செங்கல் துறைகளும், வட்ட வடிவமான ஒரு வழிபாட்டு மேடையும் வெளிப்பட்டன. இன்று சிற்றோடையாகத் தெரியும் சுங்கை பத்து, ஒரு காலத்தில் மரக்கலங்கள் வந்து நின்ற ஆறாக இருந்திருக்கிறது. இவற்றுள் சில ஏறக்குறைய 2,000 ஆண்டுகளோ அதற்கு மேலோ பழமையானவை என்று அந்த ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். எத்தனையோ தலைமுறைத் தொழிலாளர்கள் அந்த மேடுகளைச் சுற்றி நடந்து வேலை செய்திருப்பார்கள். காலடியில் ஒரு துறைமுகம் புதைந்து கிடப்பது யாருக்கும் தெரியாது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. பழைய இடங்களை முதலில் காண்கிறவர்கள் பேராசிரியர்கள் அல்லர். பால் வெட்டுகிறவர், குலை அறுக்கிறவர், புல் வெட்டுகிறவர், கால்வாய் தோண்டுகிறவர் ஆகியோரே முதலில் காண்கிறார்கள். மண்ணோடு பழகுகிறவர்களின் கண்ணுக்குத்தான் மண்ணிலுள்ளவை தெரியும். அந்தக் கண்களுக்கு விவரமும் சேர்ந்துவிட்டால், அவற்றைவிடச் சிறந்த காவல் வேறில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? பெரிய செலவு எதுவும் தேவையில்லை. நான்கு செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, தொடாதீர்கள். செதுக்கிய கல், பழைய செங்கல் வரிசை, மணி, பானை ஓடு, சிலைத் துண்டு என எதைக் கண்டாலும் கண்ட இடத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்து வந்து பூசைக்கு வைப்பதும் கூடாது, விற்பதும் கூடாது. ஒரு பொருள் எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். இடம் மாறிய பொருள், முகவரி கிழிந்த கடிதத்தைப் போன்றது. எங்கிருந்து வந்தது என்று அதனிடம் கேட்டறிய முடியாது.

இரண்டாவது, குறித்து வையுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஓடைக்கு அருகில், எந்த நாளில் கண்டது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, அறிவியுங்கள். பழம்பொருளைக் கண்டவர் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது மரபுடைமைச் சட்டத்தின் விதி. மாவட்ட அதிகாரியிடம் சொல்லலாம். மெர்போக் வட்டாரமானால் அருங்காட்சியகத்தில் சொல்லலாம். தேசிய மரபுடைமைத் துறைக்கு எழுதலாம். வாயால் சொல்வதோடு நிற்காமல் கடிதமாகக் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு உள்ள பலம் பேச்சுக்கு இல்லை.

நான்காவது, பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். மெர்போக் அருங்காட்சியகம் சுங்கைப் பட்டாணியிலிருந்து தொலைவில் இல்லை. பினாங்குக்குத் தைப்பூசம் பார்க்கப் போகிறவர்கள், திரும்பும் வழியில் அரை நாள் ஒதுக்கினால் போதும். எட்டாம் எண் சண்டியின் படிக்கட்டில் நின்று பிள்ளைகள் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும். கண்ணால் கண்ட இடத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள். மக்கள் வந்து போகிற இடத்தை இடிக்க எவரும் எளிதில் துணிய மாட்டார்கள்.

முடிப்பதற்குமுன் நம் வீட்டுக்கு அருகிலுள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கு வந்த விதி, நூறு ஆண்டுக் கோயிலுக்கும் வரக்கூடும். தோட்டங்கள் கைமாறுகின்றன, வீடமைப்புப் பகுதிகளாகின்றன. அங்கே நம் முன்னோர் கட்டிய மாரியம்மன் கோயிலும், பலகைச் சுவர் போட்ட தமிழ்ப்பள்ளியும், பெரட்டுக்கு நின்ற களமும், இடுகாடும் இருக்கின்றன. பதினொன்றாம் எண் சண்டியைப் போலவே அவற்றுள் பலவும் நிலப் பதிவேட்டில் இல்லாதவை. எல்லாருக்கும் தெரிந்தவை; எந்தத் தாளிலும் எழுதப்படாதவை.

ஆகவே கோயில் நிர்வாகத்தினரும் பெற்றோர் சங்கத்தினரும் இன்றே ஒரு வேலையைத் தொடங்கலாம். கோயில் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் விசாரியுங்கள். கோயில் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, எந்தக் கங்காணி காலத்தில், யார் யார் கூலியில் பிடித்துக் கொடுத்த பணத்தில் எழுந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பழைய திருவிழா நோட்டீசுகள், கணக்குப் புத்தகங்கள், புகைப்படங்கள் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்ற பேச்சு எழுந்தபின் தேட ஆரம்பித்தால் காலம் போதாது. பாட்டி உயிரோடிருக்கும்போது கேட்காத கதையைப் பிறகு யாரிடம் கேட்பது?

என் அம்மா உட்கார்ந்து பசியாறிய கல் இப்போது எந்த வீட்டின் அடியில் கிடக்கிறதோ, அறியேன். அது அடுப்புக் கல்லாகவே இருந்திருக்கலாம். ஆயிரம் ஆண்டுக் கோயிலின் தூணைத் தாங்கியதாகவும் இருந்திருக்கலாம். யாராவது ஒருவர் அன்று ஒரு கடிதம் எழுதியிருந்தால் விடை கிடைத்திருக்கும். நீங்கள் நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் அப்படி ஒரு கல் கிடந்தால், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான்கு பேரிடம் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்.